கல் இடம் மாறிய கதை

எங்கள் மானகிரியில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் எழுகிற பேச்சு கல்தான். "ஸ்கேன் பாத்தியளா, எத்தனை எம்.எம்.?" என்று டீக்கடையிலேயே கேட்டுவிடுகிறார்கள். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் பக்கத்து ஊர்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், காரைக்குடி ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் எனப் பலருடைய பையிலும் ஒரு ஸ்கேன் சீட்டு மடிந்து கிடக்கிறது.

நான் அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். என் அய்யா காரைக்குடியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். அவர் கல்லடைப்புக்கு மருந்து பொட்டலம் கட்டினார், நான் அந்தக் கல்லைப் படம் பிடித்தேன். ஒரே நோயை ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு இந்த நோயின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. மனிதனுக்கு வரும் கல் ஒரே இடத்தில் தங்கியிருக்கவில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை உலகின் பெரும்பகுதியில் கல் என்றாலே மூத்திரப்பைக் கல்தான். அதிலும் அதிகம் துன்பப்பட்டவர்கள் ஏழை வீட்டுச் சிறுவர்கள். இன்று நம்மைப் பிடித்திருப்பது சிறுநீரகக் கல். உழைக்கும் வயதில் இருப்பவர்களைத் தேடி வருகிறது. அந்த முதல் கல்லை விரட்டியது எந்தக் கத்தியும் இல்லை. இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

மிகப் பழைய கற்களில் ஒன்று எகிப்தில் கிடைத்தது. எல் அம்ரா என்ற இடத்துப் புதைகுழியில் இருந்த ஒரு சிறுவனின் எலும்புகளுக்கு நடுவே, 1901இல் கிராஃப்டன் எலியட் ஸ்மித் என்ற உடற்கூற்று அறிஞர் அதைக் கண்டெடுத்தார். கி.மு. 4800ஐ ஒட்டிய காலம் என்று கணித்தார்கள். லண்டனில் அறுவை மருத்துவக் கல்லூரியின் காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1941இல் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அது அழிந்துபோனது.

நம் நாட்டில் இதை விரிவாக எழுதி வைத்தது சுசுருத சம்ஹிதை. அதில் உள்ள அறுவை முறையைப் படிக்கும்போது எழுதியவர் கையாலேயே செய்து பார்த்தவர் என்பது விளங்கும். நோயாளியை ஒரு திடமான ஆளின் மடியில் சாய்த்து, முழங்காலை மடக்கிக் கட்டி, ஆசனவாய் வழியாக விரலை விட்டுக் கல்லைக் கீழே தள்ளிக் கொண்டுவந்து, நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு யவதானிய அளவு தள்ளிக் கீறி எடுக்க வேண்டும். கத்தி எடுப்பதற்கு முன் அரசனிடம் அனுமதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறது அந்த நூல். செய்யாவிட்டால் சாவு நிச்சயம், செய்தாலும் பிழைப்பது சந்தேகம் என்பதே அதற்குக் காரணம். கல்லை உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும், துணுக்கு தங்கினாலும் அது மறுபடி வளரும் என்றும் எச்சரிக்கிறது. சின்னஞ்சிறு துணுக்கைப் பற்றிய அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பழசாகவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ உறுதிமொழி, கல்லுக்காகக் கீறும் வேலையை மருத்துவன் தொடக் கூடாது, அந்தத் தொழில் தெரிந்தவனிடம் விட்டுவிட வேண்டும் என்கிறது. அவ்வளவு பேர் செத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றிக் கல் எடுக்கும் ஆட்கள் இருந்தார்கள். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் 1658 மார்ச் 26 அன்று மயக்க மருந்து எதுவும் இல்லாமல் கல் எடுத்துக்கொண்டு பிழைத்தார். அந்த நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாட நினைத்தார் அவர். 1727இல் லண்டனின் வில்லியம் செசல்டன் பக்கவாட்டில் கீறும் முறையைச் சீர்செய்தபிறகு ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் கல் வெளியே வந்தது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு நூறு ஆண்டுக்கும் மேல் இருந்த காலம் அது. வேகம் ஒன்றுதான் அந்தக் காலத்து மருத்துவன் காட்டக்கூடிய இரக்கம்.

இங்கிலாந்தின் நாரிச் நகர மருத்துவமனை 1771இல் நிறுவப்பட்டதற்கே அந்த வட்டாரத்தில் மலிந்திருந்த மூத்திரப்பைக் கல் ஒரு முக்கியக் காரணம். எடுத்த கற்களை அங்கே வீசிவிடாமல் சேர்த்து வைத்தார்கள். வேதியியல் வளர்ந்தபோது அப்படிச் சேர்த்த கற்களே பாடப்புத்தகம் ஆயின. ஷீலே 1776இல் கல்லுக்குள் யூரிக் அமிலத்தைக் கண்டார். வொல்லாஸ்டன் 1810இல் சிஸ்டின் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். எல்லாக் கல்லும் ஒரே கல் இல்லை என்பது அப்போதுதான் தெளிவானது.

கீறாமல் உள்ளேயே உடைப்பது அடுத்த கட்டம். பாரிஸில் ழான் சிவியால் 1824இல் மூத்திரத் தாரை வழியாகக் கருவியை விட்டுக் கல்லைத் துளைத்து நொறுக்கிக் காட்டினார். பாஸ்டனின் ஹென்றி பிகலோ 1878இல் நொறுக்கிய துகளை ஒரே அமர்வில் உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதைச் சிறுவர்களுக்கும் செய்யலாம் என்று உலகுக்கு நிரூபித்தது இந்தியாவில்தான். இந்தூரில் இருந்த கீகன் என்ற மருத்துவர் 1880களில் அதைச் செய்தார். வடஇந்தியாவில் கல் அவ்வளவு மலிந்திருந்தது. பஞ்சாபிலும் சிந்துவிலும் அரசு மருத்துவமனைகளுக்குக் கல்லோடு வந்த சிறுவர்கள் ஆயிரக்கணக்கில். இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் வாழ்நாளில் பார்க்காத எண்ணிக்கையை அங்கே சில ஆண்டுகளில் பார்த்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்துக்கு மேல்நாட்டு அறுவை மருத்துவம் வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். திருப்பத்தூரில் ஸ்வீடன் மிஷன் மருத்துவமனை ஏற்பட்டது. "ஸ்வீடன் ஆஸ்பத்திரி" என்றால் பழைய ஆட்களுக்கு இன்றும் தெரியும். வண்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகத்தான் அங்கே போவார்கள் என்று அய்யா சொல்லுவார்.

இனி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அது நம் நீலகிரியில் நடந்தது.

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கியது. நாய்க்கடிக்கு மருந்து என்று எல்லாருக்கும் தெரிந்த இடம். அங்கே ஒரு பகுதியில் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்துக்காரர் உணவுக் குறைபாட்டைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் நடத்திய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவின் பல பகுதி மக்கள் எதைச் சாப்பிடுகிறார்களோ அதையே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர் அவர். சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராட்டியர் உணவு, வங்காளியர் உணவு, மதராஸ் உணவு என்று கூண்டு கூண்டாகப் பிரித்து வைத்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, காய்கறி உள்ள சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. வெறும் அரிசியை நம்பிய மதராஸ் உணவு எலிகள் மிக மெலிந்தன. இது நமக்கு வலிக்கிற செய்தி. ஆனாலும் உண்மை.

கல்லையும் அவர் அதே வழியில் தேடினார். ஒவ்வொரு மாகாணத்து மருத்துவமனைப் பதிவேட்டையும் வாங்கி, எங்கே எத்தனை பேர் கல்லுக்காக வந்தார்கள் என்று கணக்கெடுத்தார். வடமேற்கில் கோதுமை தின்னும் பகுதிகளில் அது மலிந்திருந்தது, அரிசி தின்னும் தெற்கில் அரிதாக இருந்தது. அப்படியானால் கோதுமைதான் குற்றவாளியா? எலிக்கு முழுக் கோதுமை மாவை முதன்மையாக வைத்து, பாலும் பச்சைக் காய்கறியும் இல்லாத தீனியைக் கொடுத்தார். மூத்திரப்பையில் கல் உண்டானது. அதே தீனியோடு பாலைச் சேர்த்துக் கொடுத்தபோது கல் உண்டாவது நின்றது. கோதுமை தின்னும் சீக்கியர் உணவில் எலிகளுக்குக் கல் வராததற்கும் அதுவே காரணம். குற்றம் கோதுமையில் இல்லை. கோதுமையைத் தவிர வேறு எதுவும் தட்டில் இல்லாததுதான் குற்றம். 1931இல் இந்தியாவில் கல் ஏன் வருகிறது என்று அவர் ஆற்றிய உரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. வைட்டமின் ஏ பற்றாக்குறையையும் உணவில் பாஸ்பேட் குறைவதையும் அவர் சுட்டினார்.

அரிசி நம்மைக் காப்பாற்றியது என்று இதைப் படித்துவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. 1960களில் தாய்லாந்தின் வடகிழக்கில் உபோன் என்ற பகுதியில் குழந்தைகளுக்கு மூத்திரப்பைக் கல் நிறைய வந்தது. அங்கே பிறந்த சில வாரங்களிலேயே குழந்தைக்குப் பசையரிசிச் சோற்றை மசித்து ஊட்டுவார்கள். தாய்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து ஆராய்ந்து, அந்தக் குழந்தைகளுக்குப் பாஸ்பேட் கொடுத்தபோது மூத்திரத்தில் படிகம் சேர்வது குறைந்ததைக் கண்டார்கள். கோதுமையோ அரிசியோ, ஒற்றைத் தானியத்தை மட்டும் வைத்து வளர்த்தால் பிள்ளையின் மூத்திரப்பையில் கல் சேரும்.

ஐரோப்பாவில் இந்தக் கல் மறைந்தது எப்படி? பாலும் முட்டையும் இறைச்சியும் ஏழைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தானாக மறைந்தது. நாரிச் மருத்துவமனையில் சிறுவர்களின் கூட்டம் குறைந்தது. அங்கே யாரும் புதிய கத்தி கண்டுபிடித்துவிடவில்லை. செசல்டனும் சிவியாலும் பிகலோவும் ஆளாளுக்கு ஒவ்வொரு உயிராகக் காப்பாற்றினார்கள். ஒரு தலைமுறையை மொத்தமாகக் காப்பாற்றியது தட்டில் விழுந்த சாப்பாடு. நான் வாழ்நாள் முழுவதும் மருத்துவமனைக்குள் இருந்தவன். அறுவை அரங்கின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏழை வீட்டுத் தட்டு நிறைந்த அதே 20ஆம் நூற்றாண்டில்தான் கல் மேலே ஏறியது. மூத்திரப்பையை விட்டுச் சிறுநீரகத்துக்குப் போனது. சிறுவர்களை விட்டுப் பெரியவர்களைப் பிடித்தது. இது வேறு கல். பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். பத்துக் கல்லில் எட்டு கால்சியம் கலந்தவை. மற்றவை யூரிக் அமிலக் கல், கிருமித்தொற்றால் வரும் கல், பரம்பரையாக வரும் சிஸ்டின் கல். இது உண்டாகும் விதத்தைச் சமையலறையிலேயே பார்க்கலாம். பாகு காய்ச்சும்போது தண்ணீர் வற்றினால் ஓரத்தில் சர்க்கரை பூத்துப் படிவது போல, மூத்திரத்தில் தண்ணீர் குறைந்து உப்பு மிகுந்தால் படிகம் விழுகிறது. விழுந்த படிகம் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பிலடெல்பியாவின் அலெக்சாண்டர் ராண்டல் 1930களில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். மூத்திரம் சொட்டும் காம்பின் நுனியில் ஒரு சுண்ணாம்புத் திட்டு. அதன்மேல்தான் கல் குந்தி வளர்கிறது. அது கழன்று குழாய்க்குள் இறங்கும்போதுதான் அந்த வலி. கல் குத்துவதால் வலிக்கிறது என்று நினைக்கிறார்கள். குழாய் அடைபட்டு, பின்னால் தேங்கும் மூத்திரம் சிறுநீரகத்தைப் புடைக்க வைப்பதுதான் பெரும் வலி.

அய்யாவின் கடையில் கல்லடைப்புக்கு என்று கேட்டு வருபவர்களுக்குச் சிறுபீளையும் நெருஞ்சி முள்ளும் மாவிலங்கப் பட்டையும் மூக்கிரட்டை வேரும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். சிறுபீளையை எங்கள் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிப்போம். வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து நிலையில் செருகுவோம். அது கல்லுக்கு மருந்து என்பது அப்போது பிள்ளைகளாகிய எங்களுக்குத் தெரியாது. சித்த மருத்துவர் சீட்டு எழுதினால் மட்டும் நண்டுக்கல் பற்பமும் வெடியுப்புச் சுண்ணமும் கொடுப்பார்கள். நண்டுக்கல் என்பது நண்டு உருவிலேயே கல்லாகிப்போன பழைய படிவம். "எட்டுப் பங்கு தண்ணி ஊத்தி ஒரு பங்காச் சுண்டக் காச்சு. அதுக்கப்பறம் நாள் முழுக்கத் தண்ணி குடிச்சிக்கிட்டே இரு" என்று அய்யா சொல்லித்தான் பொட்டலத்தைக் கையில் கொடுப்பார். பின்பாதிச் சொல்லை யாரும் காதில் வாங்குவதில்லை என்று அவருக்கு வருத்தம்.

இந்த மூலிகைகளை ஒதுக்கித் தள்ளவும் என்னால் முடியாது, கண்ணை மூடி நம்பவும் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மருத்துவ உயிர்வேதியியல் துறையில் வரலட்சுமி என்ற பேராசிரியரும் அவரிடம் படித்தவர்களும் மாவிலங்கப் பட்டையை எடுத்து எலிகளில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அதிலுள்ள லூபியால் என்ற பொருள் ஆக்சலேட் சேர்வதைக் குறைப்பதாக எழுதினார்கள். வாழைத்தண்டுச் சாற்றிலும் எலிகளில் அதுபோன்ற பலன் தெரிந்தது. குன்னூரில் தொடங்கிய எலி ஆய்வு தரமணிவரை வந்தது என்று எனக்குத் தோன்றும். ஆனால் எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்லப் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் எந்த மருந்தும் இல்லாமலே இறங்கிவிடும். அந்தப் பெருமையைக் கடைசியாகக் குடித்த சாறு தட்டிக்கொண்டு போய்விடுகிறது. காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால், மூத்திரம் நின்றுவிட்டால், இருக்கிற ஒரே சிறுநீரகத்தில் கல் இருந்தால், வாழைத்தண்டு அரைத்துக்கொண்டு வீட்டில் இருக்கவே கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அப்படித் தாமதமாக வந்தவர்களை நான் மேசையில் ஏற்றியிருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டே கிளாஸ்கோவில் ஜான் மெக்கின்டயர் சிறுநீரகக் கல்லைப் படம் எடுத்துவிட்டார். அதுவரை கல் உள்ளே இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கியும் வலியைக் கேட்டும்தான் ஊகித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்கேன் எங்கள் பக்கம் வரவில்லை. கே.யு.பி. என்கிற வயிற்று எக்ஸ்ரே படம்தான். முதல் நாள் இரவு விளக்கெண்ணெய் குடித்து வயிறு சுத்தமாக வரச் சொல்லுவோம். காற்றும் மலமும் நிறைந்திருந்தால் கல்லை மறைத்துவிடும். எடுத்த படத்தை இருட்டறையில் சிவப்பு விளக்கில் டெவலப்பரில் போட்டு, ஹைப்போவில் முக்கி, கிளிப்பில் தொங்கவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட டாக்டரிடம் கொண்டு போவேன். இடுப்பெலும்பு ஓரத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அது கல்லா, ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பா என்பதில்தான் சிக்கல். அதற்காக ஐ.வி.பி. என்று ஊசியில் மருந்து செலுத்தி, ஐந்தாம் நிமிடம், பதினைந்தாம் நிமிடம், அரை மணி என்று வரிசையாகப் படம் எடுப்போம். மருந்து வெள்ளைக் கோடாக இறங்கி வந்து கல்லண்டை நிற்கும். யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. துடிக்கிற மனிதனிடம் "படத்தில் ஒன்றுமில்லை" என்று சீட்டு போவது கொடுமை. 1990களின் நடுவில் மருந்தில்லாத சி.டி. வந்தபிறகுதான் அந்தக் கல்லும் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தில் படத்தில் பெரிய கல் தெரிந்தால் அடுத்தது கத்திதான். விலாவின் கீழ்ஓரமாக முதுகிலிருந்து தொப்புள் பக்கம்வரை கீறுவார்கள். தைத்தபிறகு வெளியே குழாய், வாரக்கணக்கில் படுக்கை. அப்படிப்பட்ட தழும்புள்ள பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மறுபடி கல் வந்து அதே தழும்பின்மேல் இன்னொரு முறை கீறப்பட்டவர்களும் உண்டு.

அதை மாற்றியவை இரண்டு. ஸ்வீடனில் 1976இல் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் முதுகில் ஊசி துளைத்து, அந்த ஓட்டையை விரித்து, அதன் வழியாகவே சிறுநீரகக் கல்லை எடுத்தார்கள். ஜெர்மனியில் டோர்னியர் என்ற விமான நிறுவனத்தில், ஒலியைவிட வேகமாகப் போகும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர்கள் அதிர்வலையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார்கள். அந்த அறிவை வைத்து 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் கல்லை உடைத்தார். பின்னர் மூத்திரத் தாரை வழியாகவே சிறுநீரகம்வரை போகும் மெல்லிய குழாயும் லேசரும் வந்தன. இன்று எங்கள் பகுதியிலேயே இவை கிடைக்கின்றன. தமிழக அரசு 2009இல் தொடங்கி, 2012இல் புது வடிவில் நடத்தும் காப்பீட்டுத் திட்டத்தால் கூலி வேலை பார்ப்பவரும் கல்லை எடுத்துக்கொள்ள முடிகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் திட்டத்தை நான் வாழ்த்துவேன்.

சுசுருதர் சொன்ன துணுக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. அதிர்வலையில் உடைந்த கல் முழுவதும் வெளியேறாமல் சிறு துகள் தங்கினால், அதுவே அடுத்த கல்லுக்கு விதை. இன்னொன்றும் உண்டு. கல் எடுத்தபின் குழாய் அடைக்காமல் இருக்க டி.ஜே. ஸ்டென்ட் என்ற சுருள்குழாயை உள்ளே வைத்து அனுப்புவார்கள். சில வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வலி போய்விட்டதால் மறந்துவிட்டு, வருடங்கள் கழித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து, பழைய கல்லைவிடப் பெரிய வேலையாகிவிடும். எக்ஸ்ரேயில் அதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். எப்போது வைத்தார்கள், எப்போது எடுக்க வேண்டும் என்பதை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

கல் எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மறுபடி வருகிறது. அதைத் தடுப்பது எது என்று இத்தாலியின் பார்மாவில் லோரிஸ் போர்கி என்ற மருத்துவர் பொறுமையாக ஆராய்ந்தார். 1996இல் வெளியிட்ட ஆய்வில், முதல் முறை கல் வந்தவர்களில் ஒரு பாதிப்பேரை நாளுக்கு இரண்டு லிட்டர் மூத்திரம் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஐந்து ஆண்டில் அவர்களில் 12 விழுக்காட்டினருக்கே கல் திரும்பியது. அப்படிச் சொல்லப்படாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு. 2002இல் வந்த இன்னொரு ஆய்வு நம் ஊர்களில் ஊறிப்போன ஒரு நம்பிக்கையைத் தகர்க்கிறது. கல் வந்தவரிடம் "பால் குடிக்காதே, தயிர் தொடாதே, கால்சியம்" என்று சொல்வது வழக்கம். போர்கி 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குக் கால்சியம் குறைந்த உணவு. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான அளவு பால், தயிரோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்த உணவு. ஐந்து ஆண்டில் முதல் பிரிவில் 38 விழுக்காட்டினருக்குக் கல் திரும்பியது, இரண்டாவதில் 20 விழுக்காட்டினருக்கு. சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையில்லாமல் சிறுநீரகத்துக்குப் போய்விடுகிறது.

குன்னூரில் எலியின் மூத்திரப்பைக் கல்லைத் தடுத்தது பால். பார்மாவில் மனிதனின் சிறுநீரகக் கல்லைக் குறைத்த தட்டிலும் பால் இருந்தது. இரண்டுக்கும் காரணம் வேறு. ஆனாலும் எழுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊரில் பாலின் பக்கம் சாட்சி கிடைத்திருக்கிறது என்பதை நினைத்து நான் மனம் நெகிழ்கிறேன். மோரைத் தாராளமாகக் குடியுங்கள், உப்பைக் குறைத்துக்கொண்டு. எலுமிச்சைச் சாறும் நல்லது, அதிலுள்ள சிட்ரேட் படிகம் சேராமல் தடுக்கும். குறைக்க வேண்டியது ஊறுகாய், கருவாடு, வற்றல், அப்பளத்தில் ஏறும் உப்பு. உப்பு கூடினால் மூத்திரத்தில் கால்சியம் கூடும். எங்கள் செட்டிநாட்டுச் சமையலுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உப்புத் தண்ணி குடிக்கிறதாலதான் எங்க ஊருக்குக் கல் வருது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி இந்த வட்டாரம் முழுக்கப் பேர்போனது. அந்தத் தண்ணீர் குடிக்கிற வீடுகளிலும் கல் வருகிறது. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வீடுகளிலும் வருகிறது. தண்ணீரின் கடினத்தன்மையைவிட அளவுதான் பெரிது என்ற பக்கமே ஆய்வுகள் சாய்கின்றன. வெயிலில் வேலை பார்ப்பவனுக்குக் குடித்ததெல்லாம் வேர்வையாகப் போய்விடும். குவைத்துக்கும் இராக்குக்கும் போன அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கல் வர எத்தனை நாள் ஆனது என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி 93 நாள். மூன்று மாதம். நம் பிள்ளைகள் அதே வெயிலில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டடம் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள். அங்கே மழையாவது இருந்தது. விசா வந்ததும் கும்பிட வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். "தம்பி, மூத்திரம் மஞ்சளா போனா உடனே தண்ணி குடி. வெள்ளையாப் போகுற வரைக்கும் குடி."

எடுத்த கல்லைச் சிறு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளாமல், எந்த வகைக் கல் என்று ஆய்வகத்தில் பாருங்கள். யூரிக் அமிலக் கல் என்றால் மருந்தாலேயே கரைக்கலாம், கால்சியம் கல்லை அப்படிக் கரைக்க முடியாது.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் புத்தகங்களில் கல் என்றால் ஆண்களும் சிறுவர்களும்தான். எங்கள் தெருவில் ஜவுளிக்கடைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இரண்டாம் முறை கல். தண்ணீர் குடிக்கக் கூடாதா அம்மா என்று கேட்டேன். "குடிச்சாப் போகணும்ல ஐயா. நடுவுல எந்திரிச்சுப் போனா ஏசுறாங்க. அதான் காலையில வீட்டுல ஒரு டம்ளரோட சரி" என்றாள். பள்ளிப் பிள்ளைகளும் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். 2019இல் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். இப்போது தமிழ்நாட்டிலும் அந்த மணி அடிக்கிறது. நல்ல மணி. அது அடித்து முடித்தபின் பிள்ளைகள் போவதற்குக் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும். கடையில் நிற்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்கத் தமிழ்நாடு 2021இல் சட்டம் கொண்டுவந்தது. வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும், ஏச்சு வாங்காமல் எழுந்து கழிப்பறைக்குப் போய்வரவும் அதே மாதிரி ஒரு சட்டத்தை நாம் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் முறை கல் வருவதற்குள் அது வர வேண்டும்.